‘எடு’வுக்கும் ‘எட்டு’க்கும் நடுவில்: டாக்டைலா, லீனியரா?

போன மார்ச் மாதம் ஒரு மொழிபெயர்ப்பை முடித்துக் கொடுத்திருந்தேன். கல்வித் துறை சம்பந்தப்பட்ட அறிக்கை, நாற்பது பக்கம். இரண்டு நாள் கழித்து மெய்ப்பு பார்க்கும் தம்பி கூப்பிட்டார். “அண்ணா, ஆறாம் பக்கத்துல ‘மாணவிகள் படம் பெற்றனர்’னு இருக்குதுங்க, பட்டம்தானே?” ஆமாம், பட்டம்தான். கோப்பைத் திறந்து முதலிலிருந்து படித்தால் இன்னும் மூன்று இடம். ‘காலை எடு மணிக்கு’ என்று ஓரிடம், ‘மாவட்ட மடத்தில்’ என்று ஓரிடம், வட்டி என்று வர வேண்டிய இடத்தில் ‘வடி’. எல்லாமே தமிழில் உள்ள சொற்கள்தான், அதனால் பிழைதிருத்தி ஒன்றின் அடியிலும் சிவப்புக் கோடு போடவில்லை. இத்தனை வருடத்தில் இப்படி ஒரு கோப்பை நான் யாருக்கும் கொடுத்ததில்லை.

நான்கு பிழையிலும் விட்டுப்போனது ஒரே எழுத்து, இரண்டாவது ‘ட’. அதாவது ஒரே விசையை அடுத்தடுத்து இரண்டு முறை தட்ட வேண்டிய இடத்தில் ஒரு தட்டுதான் பதிந்திருக்கிறது. அதற்கு முந்தைய வாரம்தான் கீபோர்டில் விசைகளுக்கு அடியில் இருக்கும் சுவிட்சுகளை மாற்றியிருந்தேன். நல்ல கனமான டாக்டைல் சுவிட்சுகள், அமுக்கும்போது விரலில் ஒரு மேடு தட்டுப்படும் ரகம், ஆசையாக வாங்கியவை.

கீபோர்டு வாங்கப் போகிற நண்பர்கள் டாக்டைலா லீனியரா என்று என்னைக் கேட்கும்போதெல்லாம், அது அவரவர் விரல் விருப்பம், நாலு சுவிட்சை அமுக்கிப் பார்த்துப் பிடித்ததை எடுங்கள் என்று சொல்லிக்கொண்டிருந்தேன். இப்போது அப்படிச் சொல்வதில்லை. எந்த மொழியை, எந்த விசைப்பலகை அமைப்பில், ஒரு நாளைக்கு எத்தனை மணி நேரம் அடிக்கிறீர்கள் என்று கேட்கிறேன். தமிழ் அடிக்கிறவருக்கு இந்தக் கேள்வி ஆங்கிலம் அடிக்கிறவருக்கு வருவதுபோல வருவதில்லை என்பது எனக்கு அந்த நான்கு பிழையில்தான் புரிந்தது.

புதிதாக வருகிறவர்களுக்காகக் கொஞ்சம் அடிப்படை. மெக்கானிக்கல் கீபோர்டில் ஒவ்வொரு விசைக்கும் அடியில் தனியாக ஒரு சுவிட்ச் இருக்கும். லீனியர் என்றால் மேலிருந்து அடிவரை சீராக இறங்கும், வழியில் எதுவும் தட்டுப்படாது. டாக்டைல் என்றால் இறங்கும் வழியில் ஒரு சின்ன மேடு விரலில் தட்டுப்படும். கிளிக்கி என்பது மேட்டோடு ‘டிக்’ என்ற சத்தமும் சேர்ந்தது, வீட்டில் மற்றவர்கள் தூங்க வேண்டும் என்றால் அதைப் பற்றி யோசிக்கவே வேண்டாம். இப்போது கடைகளில் கிடைப்பவற்றில் பெரும்பாலானவை ஜெர்மனியின் செர்ரி நிறுவனம் 1980களில் கொண்டுவந்த எம்எக்ஸ் அமைப்பின் வழிவந்தவை. நிறத்தை வைத்துத்தான் பெயரே: சிவப்பும் கறுப்பும் லீனியர், பிரவுன் டாக்டைல், நீலம் கிளிக்கி. 2010களில் கேட்டரான், கைல் முதலிய சீன நிறுவனங்களின் சுவிட்சுகள் பரவலாகக் கிடைக்க ஆரம்பித்ததும் விலை இறங்கியது, ரகங்களோ எண்ணி முடியாத அளவுக்குப் பெருகிவிட்டன.

ஒரு சுவிட்சைக் கழற்றிப் பார்த்தால் விஷயம் பாதி புரிந்துவிடும். மேல்கூடு, கீழ்க்கூடு, நடுவில் விசையோடு மேலும் கீழும் போய்வரும் ஸ்டெம் என்ற தண்டு, ஸ்பிரிங், ஓரத்தில் மெல்லிய செப்பு நிறத் தகடு, அவ்வளவுதான் உள்ளே. ஸ்டெம்மின் பக்கவாட்டில் இரண்டு குட்டிக் கால்கள் நீட்டிக்கொண்டிருக்கும். விசை மேலே இருக்கும்போது அந்தக் கால்கள் தகட்டைத் தள்ளிப் பிடித்திருக்கும். கீழே அமுக்க அமுக்க கால் விலகி, தகடு தானாக வந்து எதிர்ப்பக்கம் தொடும், எழுத்து பதியும். லீனியர் ஸ்டெம்மின் காலைச் சாளர வெளிச்சத்தில் வைத்துப் பாருங்கள், சரிவு வழுவழுவென்று ஒரே கோடாக இருக்கும். டாக்டைலின் காலில் அந்தச் சரிவுக்கு முன்னால் ஒரு சின்ன முண்டு இருக்கும், கடுகில் பாதிகூட இராது. தகடு அந்த முண்டின் மேல் ஏறி இறங்குவதுதான் நம் விரலுக்கு மேடாகத் தெரிகிறது. எத்தனை ஆயிரம் ரூபாய் கொடுத்து வாங்கினாலும் இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் இந்த முண்டு மட்டும்தான்.

ஒன்றைக் கவனிக்க வேண்டும், நானே பல வருடம் கவனிக்காமல் விட்டது. இறங்கும்போது தகடு ஏறி இறங்கிய அதே முண்டை, விசை மேலே திரும்பும்போதும் தாண்டித்தான் ஆக வேண்டும். இறங்கும்போது தள்ளுவது நம் விரல். ஏறும்போது தள்ளுவது அந்த ஒற்றை ஸ்பிரிங். முண்டு பெரிதாக இருந்தால் விசை திரும்பி வருவதில் ஒரு தயக்கம் இருக்கும்.

நான் தட்டச்சு பழகியது பொள்ளாச்சியில், ஒரு பயிலகத்தில், கையால் அடிக்கும் இயந்திரத்தில். ‘யளனக’வில் ஆரம்பித்து ஆறு மாதம் காலையில் ஒரு மணி நேரம். அந்த இயந்திரத்தில் விசை என்பது பாதி தூரம் அமுக்கிவிட்டு விடுகிற சமாசாரம் இல்லை. அச்செழுத்து தாளில் போய் விழ வேண்டும், அதற்குத் தட்டு வேண்டும். தட்டு, உடனே விரலை எடு. ஆசிரியர் ஒரு ஸ்கேலை வைத்துக்கொண்டு மேசையில் தாளம் போடுவார். அந்தத் தாளம் இன்னும் என் விரலில் இருக்கிறது. அதனால் நான் எந்தக் கீபோர்டிலும் அடிவரை அமுக்குகிறவன். மேடு தட்டுப்பட்டவுடன் விரலை நிறுத்திவிடலாம், முழுக்க அமுக்க வேண்டியதில்லை, அதனால் விரல் களைக்காது என்று டாக்டைலுக்குச் சொல்லும் பெரிய நியாயம் என் விரலில் எடுபட்டதே இல்லை. மெதுவாக அடிக்கும்போது மேடு தெரிகிறது, சுகமாகவும் இருக்கிறது. வேகம் பிடித்த பிறகு, மேடு தட்டுப்பட்டது என்று மனதுக்கு எட்டுவதற்குள் விரல் அடியில் போய் நின்றிருக்கும்.

ஆனாலும் எனக்கு முதலில் பிடித்தது டாக்டைல்தான். 2016இல் வாங்கிய முதல் மெக்கானிக்கல் கீபோர்டு பிரவுன், சுவிட்சுகள் பலகையோடு பற்றவைத்தவை, மாற்ற முடியாது. செர்ரியின் கணக்குப்படி பிரவுனின் மேட்டைத் தாண்ட 55 சென்டிநியூட்டன் பலம் வேண்டும், கிட்டத்தட்ட 56 கிராம் எடை. எழுத்து பதிவது 2 மில்லிமீட்டர் இறங்கியதும், மொத்தம் இறங்குவது 4 மில்லிமீட்டர். பிரவுனைப் பிடிக்காதவர்கள் அதை மணல் விழுந்த லீனியர் என்பார்கள். மேடு அவ்வளவு சின்னது. எனக்கு அந்தச் சின்ன மேடு போதுமானதாக இருந்தது. அதற்கு முன் பத்து வருடம் அடித்தது ரப்பர் மெத்தை வைத்த கீபோர்டில், சேற்றில் கால் வைப்பதுபோல இருக்கும், அங்கிருந்து வந்தவனுக்கு ஒவ்வொரு விசையும் பதில் சொல்வதுபோலவே தோன்றியது. ஏழு வருடம் அதில் வேலை பார்த்தேன்.

அப்புறம் வலது கை மோதிர விரலில் வலி வந்தது. மாலை நான்கு மணிக்கு மேல் விரலின் அடிக்கணுவில் ஆரம்பித்து முன்கை வரை இழுக்கும். மருத்துவர் ஓய்வு கொடுக்கச் சொன்னார், மேசை உயரத்தைச் சரிசெய்யச் சொன்னார், இரண்டையும் செய்தேன், குறைந்தது. அப்போதுதான் ஏன் அந்த விரல் மட்டும் என்று யோசித்தேன். பதில் தமிழ்99இல் இருக்கிறது.

சென்னையில் 1999 பிப்ரவரியில் நடந்த தமிழ்நெட்99 மாநாட்டைத் தொடர்ந்து தமிழக அரசு அதே ஆண்டு தரப்படுத்திய விசைப்பலகை அது. உயிரெழுத்துகள் எல்லாம் இடது கைக்கு, மெய்கள் ஏறக்குறைய எல்லாம் வலது கைக்கு. க, ப ஆள்காட்டி விரலில், ம நடுவிரலில், ச சுண்டு விரலில். மோதிர விரலுக்கு விழுவது த, அதற்கு நேர் மேலே ட. தமிழில் எந்தப் பத்தியை எடுத்துக்கொண்டாலும் இந்த இரண்டும் வராத வரி அபூர்வம். அதோடு தமிழ்99இன் மிகப் பெரிய வசதி ஒன்று உண்டு: ஒரே மெய்யை இரண்டு முறை தட்டினால் முதல் எழுத்துக்குப் புள்ளி தானாக விழும். க, க என்று தட்டினால் ‘க்க’. ‘எட்டு’ என்று எழுத எ, ட, ட, உ, நான்கே தட்டு, புள்ளியைத் தேடிப் போக வேண்டாம். தட்டச்சு இயந்திர அமைப்பிலிருந்து இதற்கு மாறியபோது எனக்கு வேகம் கூடியதற்கு முக்கியக் காரணமே இதுதான்.

இப்போது ‘எடு’வைப் பாருங்கள். எ, ட, உ. இரண்டுக்கும் நடுவே இருப்பது ஒரே ஒரு தட்டு. படம், பட்டம். மடம், மட்டம். வடம், வட்டம். பாடு, பாட்டு. ஓடு, ஓட்டு. கடை, கட்டை. எழுத்து இரட்டித்தால் பொருளே மாறிவிடுகிற மொழி நம்முடையது. ஆங்கிலத்தில் ஒரு எழுத்து விட்டுப்போனால் பெரும்பாலும் அது பிழையான சொல்லாகக் கண்ணில் பட்டுவிடும். தமிழில் அது இன்னொரு நல்ல சொல்லாக, அழகாக வந்து உட்கார்ந்துகொள்கிறது. த்தவில் விட்டது எனக்கு உடனே தெரிந்துவிட்டது, ‘பத்து’ என்பது ‘பது’ என்று வந்தால் சிவப்புக் கோடு விழும், அங்கேயே திருத்தியிருப்பேன். ட்டவில் விட்டதுதான் மெய்ப்பு வரை போனது. ஒலிபெயர்ப்பு முறையில் ஆங்கில எழுத்தைத் தட்டித் தமிழ் எழுதுகிறவர்களுக்கும் இதே கதைதான், அங்கும் பெரும்பாலும் ஒரே விசையை இரண்டு தட்டுத் தட்டித்தான் இரட்டிப்பு வருகிறது.

ஆக, தமிழ் அடிக்கிறவனுக்குச் சுவிட்ச் இறங்குவதைவிடத் திரும்பி வருவது முக்கியம். இதை யாரும் எனக்குச் சொல்லவில்லை. நான் பார்த்த ஒப்பீடுகள் எல்லாமே இறங்கும்போது எப்படி இருக்கிறது என்பதைப் பற்றியவை. மேடு உருண்டையா, கூரா, மேலேயே வருகிறதா, நடுவிலா.

வலி குறைந்த பிறகு சுவிட்சைக் கழற்றி மாட்டும் வசதியுள்ள 87 விசைக் கீபோர்டு ஒன்று வாங்கினேன், இதற்கு ஹாட்-ஸ்வாப் என்று பெயர். பற்றவைப்பே வேண்டாம், இடுக்கியால் பிடுங்கி அடுத்ததைச் செருகலாம். செருகும்போது மட்டும் அவசரப்படக் கூடாது, சுவிட்சின் அடியில் இருக்கும் உலோகக் கால் மடங்கிக்கொண்டு உள்ளே போனால் வெளியே பார்க்கச் சரியாக உட்கார்ந்த மாதிரியே இருக்கும், எழுத்து மட்டும் வராது. எனக்கு முதல் நாளே மூன்று மடங்கியது. ஒரு கையால் பலகையின் அடியைத் தாங்கிக்கொண்டு நேராக அமுக்க வேண்டும்.

முதலில் போட்டது சிவப்பு. லீனியர், 45 சென்டிநியூட்டன். மோதிர விரலுக்கு அப்படி ஒரு நிம்மதி. ட்ட, த்த, க்க எல்லாம் வழுக்கிக்கொண்டு வந்தன. ஆனால் பத்து நாளில் வேறு சிக்கல். யோசித்துக்கொண்டு விரலைச் சும்மா விசை மேல் வைத்திருந்தாலே எழுத்து விழுந்துவிடும். மொழிபெயர்ப்பு வேலையில் பாதி நேரம் அப்படித்தான் போகும், மூல வாக்கியத்தைப் பார்த்தபடி கை விசைமேல் காத்திருக்கும். பத்தியின் நடுவில் ஒரு தனி ‘ப’, ஒரு தனி ‘ம’. தட்டச்சு இயந்திரத்தில் பழகிய கனமான கைக்குச் சிவப்பு ஒத்துவரவில்லை.

சரி, லீனியர் நமக்கு ஆகாது என்று தப்பாக முடிவு கட்டி எதிர்ப்பக்கம் போனேன். பெரிய மேட்டுக்குப் பேர்போன ஹோலி பாண்டா என்ற டாக்டைல் சுவிட்சின் வழியில் வந்த ரகம் ஒன்று, மேடு தொட்டவுடனேயே ஆரம்பிக்கும், பிரவுனைப்போல மூன்று மடங்கு தெரியும். சத்தமும் கனமாக, ‘தொக் தொக்’ என்று கேட்க ஆசையாக இருக்கும். ஒற்றைச் சுவிட்சைக் கையில் வைத்து அமுக்கிப் பார்த்தபோது இதைவிட நல்ல சுவிட்ச் உலகத்தில் இல்லை என்றே நினைத்தேன். அந்தச் சுவிட்சுகளோடு அடித்ததுதான் அந்த நாற்பது பக்க அறிக்கை.

பிழைகளைப் பார்த்த பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்க உட்கார்ந்து சோதித்தேன். ‘எட்டு கட்டுக் கட்டைக்கு எட்டாத வட்டத்தட்டு’ என்று நானே ஒரு வாக்கியம் செய்துகொண்டு, ஐம்பது முறை, என் வழக்கமான வேகத்தில். காலையில் விட்டுப்போனது மூன்று. மாலையில், விரல் களைத்த பிறகு, பதினொன்று. மேசையில் தலையைச் சாய்த்து விரலையே பார்த்துக்கொண்டு மெதுவாக அடித்தபோது நடப்பது தெரிந்தது. முதல் தட்டு அடிவரை போகிறது. விரல் எழுகிறது, ஆனால் களைத்த விரல் முழுக்க எழுவதில்லை, விசையோடு ஒட்டியபடி பாதி வழியில் திரும்புகிறது. விசையோ அந்தப் பெரிய முண்டை இன்னும் தாண்டவில்லை. தாண்டாத வரை தகடு ஒட்டியபடியே இருக்கிறது, முதல் தட்டே இன்னும் முடியவில்லை. இரண்டாவது தட்டு அடியில் போய் ‘தொக்’ என்று சத்தம் போடுகிறது, அதனால் அடித்துவிட்டோம் என்று கை நம்பிவிடுகிறது, எழுத்து மட்டும் இல்லை.

கிளிக்கியில் இது இன்னும் மோசம். செர்ரி நீலத்தில் ஸ்டெம் இரண்டு துண்டாக இருக்கும், சத்தம் வருவதே அதனால்தான். விசை விடுபடும் இடம் பதியும் இடத்தைவிட நன்றாகவே மேலே இருக்கும். வேகமாக இரட்டை தட்டுகிறவர்களுக்கு அதை நான் ஒருபோதும் சொல்ல மாட்டேன். நேரெதிர் முனையில், காந்தத்தால் ஆழத்தை அளக்கும் சுவிட்சுகள் வந்திருக்கின்றன. நெதர்லாந்தின் வூட்டிங் நிறுவனம் பிரபலமாக்கிய முறையில் விசை கொஞ்சம் மேலே திரும்பினாலே விடுபட்டதாகக் கணக்கு. விளையாடுகிறவர்களுக்காகச் செய்தது, இரட்டிப்புக்கு நன்றாகவே இருக்கும், ஆனால் அந்த விலைக்குத் தட்டச்சு வேலைக்கு அவசியமில்லை.

அக்கா மகன் சென்னையில் மென்பொருள் வேலையில் இருக்கிறான். லீவுக்கு வந்தவனிடம் இதையெல்லாம் சொன்னேன். அவன் உறுதியான டாக்டைல் கட்சி. “மாமா, நான் அடிக்கிறதுல பாதி அடைப்புக்குறியும் அரைப்புள்ளியும்தான். ஒவ்வொண்ணா, பார்த்துப் பார்த்து அடிக்கணும். மேடு இருந்தா ஒரு அடி பட்டுச்சுன்னு விரலுக்குத் தெரியும். எனக்கு அதுதான் வேணும்.” அவன் சொல்வது அவனுக்கு நூற்றுக்கு நூறு சரி. அவன் ஒரு வரி எழுதி மூன்று நிமிடம் யோசிக்கிறான், நான் நிறுத்தாமல் பத்தி பத்தியாக அடிக்கிறேன். அவன்தான் அப்புறம் கேட்டான், “சிவப்பு லேசா இருக்குன்னா, ஸ்பிரிங்தானே பிரச்சினை? லீனியர் என்ன பண்ணுச்சு?” எடையையும் மேட்டையும் நான் ஒன்றாகவே குழப்பிக்கொண்டிருந்திருக்கிறேன். லேசான லீனியர் பிடிக்கவில்லை என்றால் கனமான லீனியரைப் பார்க்காமல் டாக்டைலுக்கு ஓடியிருக்கிறேன். கடையில் கேட்கிற பலரும் இதே இடத்தில்தான் தடுமாறுகிறார்கள், ஏனென்றால் நம்மூரில் எளிதாகக் கிடைக்கும் கீபோர்டுகளில் லீனியர் என்றாலே சிவப்புதான்.

செர்ரி கறுப்பு 60, அது கொஞ்சம் அதிகம். நடுவில் கேட்டரான் மஞ்சள், அதுவும் லீனியர்தான், 50. விலையும் குறைவு. தொண்ணூறு சுவிட்ச் வாங்கி, அவனும் நானும் இரண்டு ராத்திரி உட்கார்ந்து ஒவ்வொன்றாகத் திறந்து, நுனி மெலிந்த ஓவியத் தூரிகையால் கிரைடாக்ஸ் 205ஜி0 கிரீஸ் தடவினோம். ஸ்டெம்மின் நான்கு பக்கம், ஸ்பிரிங்கின் இரு முனை, கூட்டில் ஸ்டெம் ஓடும் தடம். தகட்டில் படக் கூடாது. பட்டதா இல்லையா என்று தெரியாத அளவுக்கு மெலிதாகத்தான் தடவ வேண்டும், அதிகமானால் விசை மந்தமாகிவிடும். டாக்டைலுக்கு இதே வேலையைச் செய்கிறவர்கள் முண்டுள்ள கால்களைத் தொடாமல் விடுவது நல்லது, இல்லையென்றால் காசு கொடுத்து வாங்கிய மேடு கிரீஸில் கரைந்துவிடும். கிரீஸ் போட்ட லீனியரையும் போடாததையும் அடுத்தடுத்து அமுக்கினால், ஸ்டெம் கூட்டை உரசும் அந்த நறநறப்பு ஒன்றில் இருக்கும், ஒன்றில் இருக்காது. லீனியரில் விரலுக்கு வேறு எந்தச் சேதியும் இல்லாததால் இந்த உரசல்தான் பெரிதாகத் தெரியும். டாக்டைல் இதை மறைத்துவிடும்.

மஞ்சளைப் போட்டு அதே வாக்கியத்தை ஐம்பது முறை அடித்தேன். காலையில் ஒன்று, மாலையில் இரண்டு. கை விசைமேல் இருந்தாலும் எழுத்து விழவில்லை. ஒன்பது மாதமாக இதில்தான் வேலை. மோதிர விரல் வலி அறவே போய்விட்டது என்று சொல்ல மாட்டேன், கெடு நெருங்கும் வாரங்களில் எட்டிப் பார்க்கிறது, ஆனால் மாலை நான்கு மணிக்குக் கையை உதறிக்கொண்டு எழுந்து நடக்க வேண்டியதில்லை.

ஒரு விசையில் மட்டும் லீனியர் இல்லை. தமிழ்99இல் புள்ளி இருப்பது எஃப் விசையில், இடது ஆள்காட்டி விரலுக்கு அடியில். புள்ளியை யாரும் இரண்டு முறை தட்டுவதில்லை. அதோடு அது பெரும்பாலும் சொல்லின் கடைசியில் வருகிறது: அவர், மரம், நான், வந்தால். லீனியருக்கு மாறியதில் எனக்கு உண்மையாகவே குறையாகத் தெரிந்தது ஒன்றுதான், சொல் முடிந்தது என்று விரலுக்கு ஒரு அடையாளம் இல்லை. அதனால் அந்த இடத்தில் ஒரு பிரவுன் சுவிட்சைச் செருகி வைத்தேன். புள்ளியில் முடிகிற ஒவ்வொரு சொல்லின் கடைசியிலும் விரலுக்கு ஒரு சின்னத் தட்டு. ஆங்கிலம் அடிக்கும்போது அர்த்தமில்லாத இடங்களில் தட்டும், நான் அடிக்கிற ஆங்கிலம் குறைவு.

கழற்றிய கனமான டாக்டைல்களை எல்லாம் அக்கா மகனுக்கே கொடுத்துவிட்டேன், அவன் கீபோர்டில் அவை அருமையாக இருக்கின்றன. பொங்கலுக்கு வந்தபோது என் மேசையில் உட்கார்ந்து ஏதோ மின்னஞ்சலுக்குப் பதில் அடித்தவன், பாதியில் நிறுத்தி விசையைத் திரும்பத் திரும்ப அமுக்கிப் பார்த்தான்.

“மாமா, எஃப்ல மட்டும் என்னமோ தட்டுது.”

“அது புள்ளிடா.”